தங்கிவிடுகிறவர்கள்

அரியலூர் மாவட்டத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்ப அதனோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது அரியலூர். 2008-ல் கல்லூரி வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தைப் பல ஊர்களுக்குப் பிரித்து வைத்திருந்த காலம் அது. திருச்சி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத்தான் அரியலூர்க் கல்லூரி பிறந்தது. முதல் பேட்ச் நான்கு வருடம் படித்து முடித்த 2012-ல் அந்தப் பிரிவினை ரத்தாகி, எல்லாம் மீண்டும் ஒரே பல்கலைக்கழகமாகின. மாவட்டத்தின் எல்லை அப்போதுதான் நிலைபெற்று, தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்னும் மாறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த முதல் பேட்ச் மாணவர்கள் கணக்கும் இயற்பியலும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு சீனியர் என்று யாருமே இல்லை.

சீனியர் இல்லாத கல்லூரி எப்படி இருக்கும் என்று அதில் படித்தவர்களுக்குத்தான் தெரியும். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் கவிழ்வார்கள், எந்த யூனிட்டிலிருந்து பதினாறு மார்க் கேள்வி வரும், இன்டர்னலுக்கு என்ன செய்ய வேண்டும், எந்தக் கம்பெனி டிசம்பரில் ஆள் எடுக்கும் என்றெல்லாம் கையில் பிடித்துச் சொல்லித்தர ஆள் கிடையாது. பழைய ஜெராக்ஸ் நோட்ஸ் கிடையாது. வேலைக்குப் போனால், ‘எங்க காலேஜ் பையன்தான், எடுத்துக்கங்க’ என்று உள்ளேயிருந்து பரிந்துரைக்க ஒருவரும் இல்லை. முதல் பேட்ச் எந்தப் பெயரையும் கல்லூரியிடமிருந்து வாங்கிக்கொள்வதில்லை. கல்லூரிக்கு அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

புதிய கல்லூரி ஒன்று நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று யோசிக்கும்போது எனக்கு இந்த இரண்டு மாவட்டங்கள்தான் நினைவுக்கு வரும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, சென்னை-திருச்சி நெடுஞ்சாலைதான் எல்லாம். அரியலூருக்கு கார்டு லைன் உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு, சிமெண்ட் ஆலைகள் உண்டு. இரண்டிலும் பெரும்பகுதி மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிழைக்கிற வீடுகளிலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் கிளம்பி வருகிறார்கள். பெரம்பலூரில் தனலட்சுமி சீனிவாசன் பொறியியல் கல்லூரி 2001-லேயே வந்துவிட்டது. பிறகு வேறு சில சுயநிதிக் கல்லூரிகளும் வந்தன. அரசுத் தரப்பில் வந்தது அரியலூர்க் கல்லூரி.

இந்த ஊர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 2022 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் பெரம்பலூர், தேர்ச்சி 97.95 விழுக்காடு. 2023 பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர்தான், 97.67. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. 2025 பிளஸ் டூவில் மறுபடி அரியலூர், 98.82. கல்வியில் பின்தங்கியவை என்றே நீண்ட காலம் பேசப்பட்ட மாவட்டங்கள் இவை. தரேஸ் அகமது பெரம்பலூர் ஆட்சியராக இருந்தபோது அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய ‘சூப்பர் 30’ பயிற்சியை இன்றும் அங்கே நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு. மாலை வகுப்பு வைத்து, வராத பிள்ளையை வீடு தேடிப்போய் அழைத்துவந்த ஆசிரியர்களின் உழைப்பு அந்த விழுக்காடுகளுக்குள் இருக்கிறது. ஆக, இந்த மண்ணில் ஒரு கல்விக்கூடம் நல்ல பெயர் எடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பள்ளிகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. ஆனால் அந்தப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பிள்ளைகள் ஜூலையில் திருச்சிக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஏன் போகிறார்கள்? கட்-ஆஃப்தான் காரணம் என்பார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி 200-க்கு ஓர் எண் வருகிறது. 195-க்கு மேல் எடுத்தவர் கிண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். கிண்டிக்கு நல்ல பெயர் இருப்பதால் 195 அங்கே போகிறது, 195 போவதால் கிண்டியின் பெயர் நிலைக்கிறது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடத்துக்கு அந்தச் சுழற்சி இயல்பாக அமைந்துவிட்டது. புதிய கல்லூரி அதற்குள் எந்த வாசல் வழியாக நுழைவது? பலர் கண்டுபிடிக்கும் வாசல் விளம்பரம். நெடுஞ்சாலையோரப் பலகையில் வேலை பெற்ற மாணவர்களின் படங்கள், சம்பளத் தொகை, கம்பெனிகளின் சின்னங்கள். அது சேர்க்கையைக் கூட்டும். நல்ல பெயரைக் கூட்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால் பெயரைத் தீர்மானிக்கிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

கவுன்சலிங் சமயத்தில் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இதைக் கண்ணால் பார்த்தேன். சாய்ஸ் ஃபில்லிங்குக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் ஒருவர். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, அதற்குள் சான்றிதழ்கள். மகன் செல்போனில் எழுதிவைத்திருந்த கல்லூரிப் பட்டியலை சென்டர் பையன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அரியலூரு கவர்மெண்ட் காலேஜ எங்க வச்சிருக்க?”

“எட்டாவதா வச்சிருக்கண்ணே. ஃபீஸ் கம்மிதான், மேல வேணா ஏத்திடவா?”

“ஃபீஸ விடு தம்பி. நம்ம பக்கத்துப் பையன் யாராச்சும் அங்க படிச்சிருக்கானா? இப்ப என்ன பண்றான்?”

சென்டர் பையனுக்கு ஒருவரைத் தெரிந்திருந்தது. வேப்பந்தட்டைப் பக்கம், சிவில் படித்தவர், இப்போது ஒரு பாலம் கட்டும் கம்பெனியில் சைட்டில் இருக்கிறார். “அரியர் இல்லாம முடிச்சான்ணே. அங்க ஒரு சார் ராத்திரி எட்டு மணி வரைக்கும் லேப்லயே இருப்பாராம், அவருதான் இவன இழுத்துட்டுப் போனாருன்னு சொல்லுவான்.” அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எட்டிலிருந்து நாலுக்கு ஏற்றச் சொன்னார்.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ‘மதிப்பு’ என்ற தலைப்பில் ஒரு கூறு உண்டு. நூற்றுக்குப் பத்து மதிப்பெண். கல்வியாளர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்டு அதை நிரப்புகிறார்கள். தேசிய அங்கீகார வாரியத்திடம் போனால், ஒரு பாடப்பிரிவில் குறைந்தது இரண்டு பேட்ச் படித்து முடித்திருக்க வேண்டும் என்பார்கள். இவை வேண்டாதவை என்று சொல்லமாட்டேன். ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா, நூலகத்தில் புத்தகம் இருக்கிறதா என்று யாரோ ஒருவர் வந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆனால் மஞ்சள் பைக்காரர் கேட்ட இரண்டு கேள்விகளும் அந்தப் படிவங்கள் எதிலும் அந்த வடிவத்தில் இல்லை. அவர் கேட்டது, உள்ளே போனவனுக்கும் வெளியே வந்தவனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை. 195-ல் நுழைந்தவர் நல்ல வேலைக்குப் போவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 130-ல், தமிழ் வழியில் படித்து, முதல் செமஸ்டர் கணிதப் பாடத்தில் ஆங்கிலத்தில் எழுதிய முதல் வரியிலேயே திகைத்து நின்ற பெண் நான்கு வருடம் கழித்து ஒரு பாலத்துக்குக் கம்பிக் கணக்குப் போடுகிறாள் என்றால், நடுவில் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோதான் கல்லூரி.

அரசு தன் பங்குக்குச் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. 2010-ல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கதவுக்கு உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் என் கவலை.

கான்கிரீட் லேபில் நடப்பதைச் சொல்கிறேன். 150 மில்லிமீட்டர் கன அச்சில் எண்ணெய் தடவி, கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்தி, மேலே கரண்டியால் சமன் செய்கிறார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். மூன்று கட்டிகள் ஏழாம் நாளுக்கு, மூன்று இருபத்தெட்டாம் நாளுக்கு. எம்20 கலவை என்றால் இருபத்தெட்டாம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அச்சின் முகப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். ஆக, 450 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 45 டன். கட்டியை இயந்திரத்துக்குள் வைத்து அழுத்தம் ஏற்றுகிறார்கள். முள் ஏறுகிறது. விளிம்பில் முதல் விரிசல் ஓடுகிறது, பக்கங்கள் உதிர்கின்றன, பிறகு ஒரு சத்தம், முள் கீழே இறங்குகிறது. 380-ல் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 16.9 வருகிறது. தோல்வி.

இந்த இடத்தில் கல்லூரிகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு கல்லூரியில் நான் பார்த்தேன், கட்டி போட்டதே கிடையாது. போன வருட சீனியரின் ரெக்கார்டில் 452, 461, 458 என்று இருந்தது, அதைப் பார்த்து எல்லோரும் எழுதினார்கள். கையெழுத்தும் ஆனது. இன்னொரு இடத்தில் ஓர் ஆசிரியர் மாணவர்களை உடைந்த கட்டியைச் சுற்றி நிற்கவைத்திருந்தார். ஒரு பக்கத்தில் தேன்கூடு போலப் பொத்தல் தெரிந்தது. ‘இங்க குத்தினது யாரு?’ என்றார். ஒரு பையன் தலையைச் சொறிந்தான். மணலில் ஈரம் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்காமல் தண்ணீரை முழுதாக ஊற்றிவிட்டார்கள் என்பதும் கொஞ்ச நேரத்தில் தெரியவந்தது. ‘ரெக்கார்டுல 380-ன்னே எழுதுப்பா. கீழ ஏன்னு எழுது. அடுத்த வாரம் திரும்பப் போடறோம்’ என்றார். அன்று மத்தியானம் முழுக்க அவர்கள் மணலை வறுத்து ஈரம் எவ்வளவு என்று எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன்கள் பின்னால் ஒரு கட்டடத்தின் தூணுக்கு முன் நிற்கும்போது என்ன செய்வார்கள் என்பதில்தான் கல்லூரியின் பெயர் இருக்கிறது என்று நான் முழுமையாக நம்புகிறேன். ஒப்பந்தக்காரர் இன்னும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துப்பா என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்கிற ஒரு பொறியாளர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அந்த சைட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி அந்தக் கல்லூரியைத் தேடி வரும்.

இப்படிப் பெயர் எடுத்த கல்லூரிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. துவாக்குடியில் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அதற்கு முதல்வராக வந்தவர் பி.எஸ். மணிசுந்தரம். 1982-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் அவரே. அந்தக் கல்லூரி, இன்றைய திருச்சி என்.ஐ.டி., நாட்டின் முதல் பத்துப் பொறியியல் நிறுவனங்களுக்குள் வந்து நிற்பதற்கு மத்திய அரசின் நிதியும் அருகே இருந்த பெல் தொழிற்சாலையும் காரணம் என்பது உண்மை. ஆரம்ப காலத்தில் அங்கே வந்த ஆசிரியர்கள் பலர் வேறு எங்கும் போகாமல் அங்கேயே பணி ஓய்வு பெற்றதும் அதற்கு இணையான காரணம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் ஜி.ஆர். தாமோதரன் தலைமையில் எழுந்தது. பட்டறையோடு ஒட்டி வளர்ந்த கல்லூரி அது. மாணவர் படிப்புக்கு நடுவே தொழிற்கூடத்தில் வேலை செய்யும் சாண்ட்விச் படிப்பு அங்கே பெயர்பெற்றது. தாமோதரன் தமிழில் ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் இதழையும் நடத்தினார் என்பதை நம் கல்லூரி நிர்வாகிகள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல், இரண்டும் 1984. தண்ணீருக்கும் பஞ்சமான ஊர்கள். பெருநகரம் பக்கத்தில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அந்த இரண்டும் முயலவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஓலின் என்று ஒரு சின்னப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1997-ல் ஓர் அறக்கட்டளையின் பணத்தில் பிறந்தது. முறையான முதல் வகுப்பு 2002-ல். அதற்கு முந்தின ஒரு வருடம் முழுக்க முப்பது மாணவர்களை, பதினைந்து பெண்கள், பதினைந்து ஆண்கள், அழைத்துவந்து ஆசிரியர்களோடு உட்காரவைத்து, பாடத்திட்டத்தையே அவர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே பொறியியல் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உச்சரிக்கும் பெயராகிவிட்டது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை உறுப்புக் கல்லூரிக்கும் கிடையாது, அது கிண்டியிலிருந்து வருகிறது. ஆனால் முதல் பேட்ச்சைச் சோதனை எலிகளாக வைக்காமல் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டார்களே, அதற்குப் பணம் தேவையில்லை. முப்பது பேரைக் கூப்பிட்டு, முதல் செமஸ்டரில் எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று ஒரு மத்தியானம் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும், அங்கேதான் நம் சிக்கல். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்கள், 224 கல்லூரிகளில். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு மாவட்டங்களில் பாடம் நடத்துவதாகக் காகிதம் சொன்னது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதியைக் காகிதத்தில் நிறைவேற்ற எடுத்த குறுக்குவழி அது. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பார்கள், ஆனால் கேள்வி கேட்க நினைத்த நேரத்தில் அந்த அறையில் ஆளே இருந்திருக்காது.

அரசுக் கல்லூரிகளில் வேறு விதமான குறை. உறுப்புக் கல்லூரிகள் நீண்ட காலமாகத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியர்களை நம்பி ஓடுகின்றன. அவர்களில் பலர் அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள். முனைவர் பட்டம் முடித்தவர்கள். ஆனால் அடுத்த ஜூனில் இங்கே இருப்போமா என்று தெரியாதவர் ஊரில் வீடு பிடிக்கமாட்டார். காலையில் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, மாலையில் பஸ்ஸில் திரும்புவார். லேபில் இரவு எட்டு மணி வரை அவரை இருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? மூன்று வருடம் கழித்து முடியப்போகும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கச் சொல்ல என்ன உரிமை? ஆசிரியர் ஊரில் தங்க வேண்டுமானால் அவருக்கு நிரந்தரப் பணி வேண்டும், வாழ்க்கைத் துணைக்கு வேலை வேண்டும், குழந்தைக்கு நல்ல பள்ளி வேண்டும். பள்ளி விஷயத்தில் இந்த இரண்டு மாவட்டங்களும் மாநிலத்துக்கே வழிகாட்டுகின்றன என்பதை மேலே சொன்னேன். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. தங்குவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பணி நியமனம் மட்டும் பின்தங்கி நிற்கிறது.

தங்கினால் இங்கே செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது. அரியலூரின் கீழே கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவு. காரையிலும் குன்னம் பக்கத்துச் சாத்தனூரிலும் தொல்லுயிர் எச்சங்களைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் புவியியலாளர்கள் வருகிறார்கள். சாத்தனூரின் கல்மரத்தை 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னார். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைய சிமெண்ட். அரசின் டான்செம் ஆலை 1979 முதல் ஓடுகிறது, தனியார் ஆலைகள் சுற்றிலும். சுண்ணாம்புக்கல் லாரிகள் சாலையைத் தேய்க்கின்றன, தூசு வீட்டுத் திண்ணை வரை வருகிறது, தோண்டி முடித்த சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரைப் பாசனத்துக்கு எடுக்கலாமா, கரை எவ்வளவு உறுதி, மழைக்காலத்தில் மட்டம் எத்தனை அடி ஏறுகிறது என்று ஒரு சிவில் துறை பத்து வருடம் தொடர்ந்து அளந்தால், அந்தத் துறையைத் தேடி நாடு வரும். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்து ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு நீர்த்தேக்கத்தை மாவட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகள் எத்தனை? நம் மாணவர்களோ இறுதியாண்டு புராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கிவந்து ஒப்படைக்கும் பழக்கத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் கேள்வியைக் காட்டிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் வாங்கமாட்டார்கள்.

2008-ல் அரியலூரில் முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். கட்டுமானத்தில் இருக்கிறவர்கள், மென்பொருளில் இருக்கிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள், ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு எங்கோ தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறவர்கள் என்று பல திசையிலும் இருப்பார்கள். சீனியர் இல்லாமல் படித்தது எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். 130-ல் வருகிற பிள்ளை எந்த வரியில் திகைக்கும் என்றும் தெரியும். அவர்களில் நான்கைந்து பேராவது அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பி வர ஆசைப்படுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு நிரந்தரப் பணியிடங்களுக்கான விளம்பரம் வர வேண்டும், அந்த விளம்பரத்தில் அரியலூர் என்ற ஊரின் பெயர் இருக்க வேண்டும்.